காமைஷியில் எட்டு நாட்கள்

என் மகன் சில வருடங்கள் டோக்கியோவில் வேலை பார்த்தான் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். 2013இல் மருமகளுக்குப் பிரசவம் என்று நானும் வீட்டுக்காரியும் மூன்று மாத விசாவில் அங்கே போயிருந்தோம். நிஷி-கசாய் என்று ஒரு பேட்டை. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கறிவேப்பிலைகூடக் கிடைக்கும். பேத்தி பிறந்தாள். அதற்குப் பிறகு வீட்டில் எனக்கு என்ன வேலை? குழந்தையைத் தூக்கினால் "கழுத்தைப் பிடிங்க, கழுத்தைப் பிடிங்க" என்று இரண்டு பெண்களும் கத்துவார்கள். நான் பால்கனியில் உட்கார்ந்து எதிர்வீட்டுத் துணிகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கிலீஷ் பூசை உள்ள கோவில் ஒன்றுக்குப் போவோம். பிலிப்பைன்ஸ்காரர்கள், மலையாளிகள், கோவாக்காரர்கள், சில வெள்ளைக்காரர்கள். அந்தக் கூட்டத்திலிருந்து பன்னிரண்டு பேர் ஜூலை மாதம் எட்டு நாள் வடக்கே போய்ச் சேவை செய்வதாக ஏற்பாடு. சுனாமி அடித்த இடங்கள். கடைசி நேரத்தில் ஒருவருக்குக் கால் பிசகிவிட்டது, இடம் காலியாயிற்று. என் மகனைக் கேட்டார்கள். அவனுக்கு ஆபீஸ். "அப்பா சும்மாதான் இருக்கார், கூட்டிட்டுப் போங்க" என்று சிரித்தான். அவர்கள் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

"அறுபத்தாறு வயசுல ஏங்க இது? அங்க போய் என்ன தூக்கிக் குடுக்கப் போறீங்க?" என்று வீட்டுக்காரி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு உள்ளே ஒரு காரணம் இருந்தது. அவளிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

புறப்படுவதற்கு முன்னால் ஒரு கூட்டம் வைத்தார்கள். குழுவின் தலைவி பல வருடம் ஜப்பானிலேயே இருக்கும் ஓர் அம்மாள். செய்யக்கூடாதவற்றை வரிசையாகச் சொன்னார். போட்டோ எடுக்காதீர்கள். "உங்கள் வீட்டில் யார் யார் போனார்கள்" என்று நீங்களாகக் கேட்காதீர்கள். 'கம்பத்தே', அதாவது 'தைரியமாக முயற்சி செய்யுங்கள்' என்று சொல்லாதீர்கள். இரண்டு வருடமாக எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், அவர்களுக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வேதத்தைப் பற்றி அவர்கள் கேட்டால் ஒழியப் பேசாதீர்கள்.

எங்கள் குழுவில் கேரளத்து இளைஞன் ஒருவன் இருந்தான். ஜப்பானிய மொழியில் அச்சிட்ட சுவிசேஷப் புத்தகங்கள் நூறு வாங்கி வைத்திருந்தான், சொந்தக் காசில். "அப்படியானால் இதற்கு ஏன் மிஷன் என்று பேர்? செஞ்சிலுவைச் சங்கம் என்று போகலாமே" என்றான். அந்த அம்மாள் கோபப்படவில்லை. "வீடு போய், ஆளும் போய், கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் நிலையில் இருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாதவர் கையில் எதையும் திணிக்கக்கூடாது" என்றார். புத்தகப் பெட்டி வேனிலேயே இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு நான் மனதுக்குள் அந்தப் பையன் பக்கம்தான். சிறுவயது முதல் மிஷனரிகள் கதையைக் கேட்டு வளர்ந்தவன். ஆண்டவர் பெயரைச் சொல்லாமல் என்ன வேதபோதகம் என்று தோன்றிற்று.

இரவு டோக்கியோவில் வேன் ஏறி, காலையில் இவாத்தே மாகாணத்துக் காமைஷியில் இறங்கினோம். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கடைசி இரண்டு மணி நேரம் மலையைக் குடைந்த சுரங்கப்பாதைகள். கடைசிச் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் இரும்பாலை ஊர். நவீன ஊதுலை ஜப்பானில் முதன்முதலில் வெற்றிகரமாக எரிந்தது இந்தப் பக்கத்து மலைகளில்தான், 1850களின் கடைசியில். ஆலையைத் தாண்டிப் போகப் போக வீடுகள் குறைந்து, கடல் தெரியும்போது வீடே இல்லை. அஸ்திவாரம் மட்டும் கட்டம் கட்டமாகத் தரையில் கிடக்கிறது. இது அடுக்களை, இது குளியலறை என்று பிரித்துச் சொல்லலாம். நடுவே புல் முளைத்து, யாரோ நட்ட பூச்செடிகளும் நின்றன.

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. நிலநடுக்க அளவு 9.0. செத்தவர்களும் காணாமற்போனவர்களுமாகப் பதினெட்டாயிரத்துக்கும் மேல். காமைஷியில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். அந்தக் கடற்கரை கை விரல்களைப் போல மலையும் குடாவுமாக மாறி மாறி இருக்கிறது. அலை குடாவுக்குள் நுழைந்ததும் ஒடுங்கி உயரும். 1896இல் ஒருமுறை வந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போனது. 1933இல் மறுபடி. மேட்டில் கல் நட்டு, இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று பொறித்து வைத்தார்கள். கொஞ்ச காலம் கழித்து மீன்பிடிக்க வசதி என்று மறுபடி கீழே இறங்கினார்கள். நம் குப்பங்களில் நடப்பதுதான்.

காமைஷி குடாவின் வாயில் கடலுக்குள் ஓர் அலைதடுப்பு கட்டியிருந்தார்கள். 63 மீட்டர் ஆழத்திலிருந்து எழுப்பியது, உலகத்திலேயே ஆழமானது என்று கின்னஸில் போட்டார்கள். முப்பது வருடம் கட்டி 2009இல் முடித்தது, இரண்டே வருடத்தில் உடைந்தது. ஆனாலும் தண்ணீர் ஊருக்குள் வருவதை அது ஆறு நிமிடம் தாமதப்படுத்தியது என்று பொறியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆறு நிமிடத்தில் எத்தனை பேர் மேடு ஏறியிருப்பார்கள்! புதுச்சேரிக்காரனுக்கு இது புரியும். 2004 டிசம்பர் 26 காலையில் நம் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் காலத்துக் கல்லணை இல்லாவிட்டால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஊர் தப்பியது. அணை இல்லாத குப்பங்கள் தப்பவில்லை.

பக்கத்தில் உனோசுமாய் என்ற இடம். அங்கே ஒரு பேரிடர்த் தடுப்பு மையம் இருந்தது. சுனாமி வருவதற்கு ஒரு வாரம் முன்புதான் அதில் ஒத்திகை நடந்ததாம். ஒத்திகைக்கு வந்த பழக்கத்தில் அன்றைக்கும் ஜனங்கள் அங்கேயே கூடினார்கள். தண்ணீர் கூரை வரை வந்தது. அதே ஊரில் நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள் சின்ன வகுப்புப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடம் போதாது என்று மேலே மேலே ஓடித் தப்பினார்கள். அந்தக் கட்டடத்தின் முன்னால் நாங்கள் செபம் சொல்லாமல் சும்மா நின்றோம். அந்தக் கேரளத்துப் பையன் அழுதான்.

இரண்டு வருடம் ஆகிவிட்டதால் சேறு அள்ளும் வேலை முடிந்துவிட்டது. இளைஞர்களைக் கடல்பாசிக்காரர்களுக்கு உதவியாகக் கயிறு சுத்தம் செய்ய அனுப்பினார்கள். என்னைப் போன்ற கிழங்களுக்குக் களை பிடுங்குவது, சமையல், பிறகு 'அஷியு'. 'அஷி' என்றால் கால், 'யு' என்றால் வெந்நீர். தற்காலிகக் குடியிருப்புகளில் ஒரு பொது அறை இருக்கும். அங்கே வயதானவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, பேசினில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, அதில் காலை வைக்கச் சொல்லி, எதிரே தரையில் உட்கார்ந்து அவர்கள் கையை மெதுவாகப் பிடித்துவிட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம். 1995 கோபே பூகம்பத்தின்போது ஆரம்பித்த வழக்கமாம்.

கால் சூடு ஏறினால் வாய் திறக்கும் என்பது கணக்கு. நாம் பேச வேண்டியதில்லை. அவர்கள் முணுமுணுப்பதைக் கேட்டு, பிறகு தனியாகப் போய் ஓர் அட்டையில் அப்படியே எழுதிவைக்க வேண்டும். மூட்டு வலி, மகன் போன் செய்வதில்லை, பக்கத்து வீட்டு டி.வி. சத்தம், எது சொன்னாலும் சரி. கவலைப்படும்படி ஏதாவது இருந்தால் அந்த அட்டையைப் பார்த்து உரியவர்கள் போய் விசாரிப்பார்கள். முப்பத்தெட்டு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் கையில் அந்த அட்டையைக் கொடுத்ததும் நான் முதலில் பார்த்தது, அதில் என்னென்ன கலம் இருக்கிறது என்று. ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை.

பெரிய வியாழனன்று சுவாமியார் பன்னிரண்டு பேர் பாதம் கழுவுவதைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். ஒருமுறை பன்னிரண்டு பேரில் ஒருவனாக உட்கார்ந்தும் இருக்கிறேன், வீட்டிலேயே நன்றாகக் கழுவித் தேய்த்துக்கொண்டு போய். இன்னொருவர் காலை நான் தொட்டது அந்த ஜூலை மாதம்தான் முதல்முறை.

பேசாமல் கேட்டால் போதும் என்றாலும், அவர்கள் சொல்வது எனக்கு எப்படிப் புரியும்? எனக்கு ஜப்பானிய மொழியில் நன்றி சொல்லத் தெரியும், அவ்வளவுதான். இங்கிலீஷும் ஆபீஸ் இங்கிலீஷ். 'வித் ரெஃபரென்ஸ் டு யுவர் லெட்டர்' என்று ஆரம்பிக்கத் தெரியுமே தவிர, மனுஷரோடு பேச வராது. நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய பிறகும் எங்கள் வகுப்பில் திக்தே நின்றபாடில்லை. பிறகு நிர்வாகமெல்லாம் இங்கிலீஷுக்கு மாறியதும், நான் கற்ற பாஷை வேலைக்கு ஒரு கால் காசு பெறவில்லை. அந்தக் குறை எனக்கு வெகுகாலம் உண்டு.

இரண்டாம் நாள் அந்தக் குறை தீர்ந்தது. எண்பதை நெருங்கும் ஜப்பானியக் கன்னியாஸ்திரீ ஒருவர் உதவிக்கு வந்தார். குள்ளம், கூன், கையில் எப்போதும் ஒரு துண்டு. நான் பேசினைத் தூக்கும்போது வாய்தவறி பிரெஞ்சில் ஒரு வார்த்தை முணுமுணுத்தேன். நல்ல வார்த்தை இல்லை. அவர் திரும்பிப் பார்த்து, சுத்தமான பிரெஞ்சில், "இங்கே அதைப் புரிந்துகொள்ள ஒருத்தி இருக்கிறாள், மிஸ்யே" என்றார்!

செண்டாயில் பிரெஞ்சுக் கன்னியர் நடத்திய பள்ளியில் படித்தவராம். ஷார்த்ர் நகரத்துப் புனித பவுல் சபைக் கன்னியர் 1878இலேயே ஹகோதாத்தே துறைமுகத்தில் வந்து இறங்கியவர்கள். நம் ஊரில் குளுனி கன்னியர் போல. அவரும் என்னைப் போலவே லா ஃபோந்தேன் கதைகளை அடி வாங்கி மனப்பாடம் செய்தவர். அன்று மாலை பாத்திரம் கழுவும்போது காகமும் நரியும் பாட்டை அவர் ஒரு வரி, நான் ஒரு வரி என்று சொல்லி முடித்தோம். பிலிப்பைன்ஸ்காரர்கள் கை தட்டினார்கள். அன்று முதல் நான் அவரை மசேர் என்றே கூப்பிட்டேன், நம் ஊர் வழக்கப்படி. அஷியுவில் நான் கால் பக்கம், மசேர் காதுப் பக்கம். அவர்கள் சொல்வதைத் தணிந்த குரலில் பிரெஞ்சில் எனக்குச் சொல்வார்.

நான்காம் நாள் ஓட்சுச்சி என்ற அடுத்த ஊருக்குப் போனோம். போகும் வழியில் பேரூராட்சி அலுவலகத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்தேன். அதை இடிப்பதா வைப்பதா என்று ஊரில் அப்போது சண்டை, 2019இல்தான் இடித்தார்கள். பூகம்பம் வந்ததும் தலைவரும் ஊழியர்களும் அலுவலகத்துக்கு முன்னால் மேசை போட்டு நிவாரண ஏற்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். அலை வந்தது. தலைவரும் ஊழியர்களுமாகச் சுமார் நாற்பது பேர் போனார்கள். ஊர் ஜனங்களின் குடும்பப் பதிவேடு முழுக்கப் போயிற்று. கடற்கரையில் நாலு ஊர்களில் அப்படி. வேறிடத்தில் பாதுகாத்து வைத்திருந்த நகலிலிருந்து இரண்டு மாதத்துக்குள் திரும்ப எழுதிவிட்டார்கள். மற்றவர்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் குமாஸ்தாக்களை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மேசைகளில் படிவங்கள் எடுத்து வைத்திருப்பார்கள்.

அன்று பிற்பகல் என் பேசினில் கால் வைத்தவர் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள். வெயிலில் காய்ந்த, வெடிப்பு விழுந்த கால். கடல் வேலை செய்த கால் என்று பார்த்ததுமே தெரிந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவராகவே ஆரம்பித்தார். புருஷன் கிடைக்கவில்லை. படகைப் பார்க்கப் போனவர். உடல் இல்லாமலேயே மரணப் பதிவு செய்துகொள்ளலாம் என்று 2011 ஜூனிலேயே அரசாங்கம் விதியை எளிதாக்கிவிட்டது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் செய்துவிட்டார்கள். இவருக்கும் மகள் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டாள். முத்திரை குத்த வேண்டியதுதான் பாக்கி. அந்த ஊரில் அப்போது கையெழுத்துக்குப் பதில் சின்ன முத்திரை. படிவம் சாமி அலமாரி இழுப்பறையில் இரண்டு வருடமாகக் கிடக்கிறது.

"குத்தினால் நானே அவரை முடித்த மாதிரி. கை வரமாட்டேன் என்கிறது" என்றார்.

மசேர் அதைச் சொல்லிவிட்டுத் துண்டை மடித்துக்கொண்டு இருந்தார். பிறகு அந்த அம்மாள் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். "உங்கள் நாட்டிலும் சுனாமி வந்ததே, நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள் என்று கேட்கிறார்."

"நான் அரசாங்க ஊழியன். நிவாரண வேலையில் இருந்தேன்" என்றேன்.

மசேர் அதை மொழிபெயர்த்ததும் அந்த அம்மாள், கால் தண்ணீரில் இருக்க, இடுப்பு வரை குனிந்து என்னை வணங்கினார். தன் ஊர்க் குமாஸ்தாக்களையும் நினைத்திருப்பார். நான் பதிலுக்குக் குனிய வேண்டும், குனிந்தேன். முகம் பேசினுக்கு மேலே. தண்ணீரில் என் தலைதான் தெரிந்தது.

இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

2005 ஜனவரியில் எங்களில் சிலரைக் காரைக்கால் பக்கம் நிவாரணக் கணக்கெடுப்புக்கு அனுப்பினார்கள். எந்தத் துறை, எந்தக் குப்பம் என்பது வேண்டாம். பள்ளிக்கூட வராந்தாவில் மேசை. முன்னால் வரிசை. என்னிடம் இருந்த படிவத்தில் செத்தவர் பெயர், வயது, உடல் அடக்கம் செய்த இடம், சான்று எண் என்று கலங்கள். ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கலாம். எட்டு வயது மகளை அலை கொண்டுபோய்விட்டது, உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவர்களைப் பற்றி அப்போது எங்களுக்கு உத்தரவு எதுவும் வந்து சேரவில்லை. காணாமற்போனவரை ஏழாண்டு கழித்தே இறந்தவராகக் கொள்ளலாம் என்பது அப்போதிருந்த நம் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. அந்தச் சட்டம் எனக்கு மனப்பாடம். போலீசில் எஃப்.ஐ.ஆர். வாங்கிக்கொண்டு வா, உத்தரவு வந்தால் பார்க்கலாம் என்றேன். மறுநாளும் வந்தாள். அதையே சொன்னேன். மூன்றாம் நாள் வந்தவள், "காசு வேணாம் அய்யா. எம் பொண்ணு பேர மட்டும் எழுதிக்குங்க" என்றாள்.

"இதுல அதுக்குக் கலம் இல்லம்மா" என்றேன். பின்னால் வரிசை நீளமாக இருந்தது. அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியிருக்கலாம். என் சட்டைப் பையில் பேனாவும் டைரியும் இருந்தன. அவள் பெயர் சொன்னாளா என்பதுகூட எனக்கு நினைவில்லை. பிறகு அரசாங்கம் விதியைத் தளர்த்தியது, காணாமற்போனவர்களுக்கும் வழி பிறந்தது. அதற்குள் நான் புதுச்சேரிக்குத் திரும்பிவிட்டேன். இரண்டு வருடத்தில் ஓய்வும் பெற்றேன். பிரிவு உபசார விழாவில் சுனாமி சேவையைக் குறிப்பிட்டுச் சால்வை போட்டார்கள்.

அன்று இரவு கோவிலை ஒட்டிய முகாமில் பாயில் படுத்து விழித்துக்கொண்டே இருந்தேன். கேரளத்துப் பையன் குறட்டை விட்டான். விடியற்காலையில் அடுக்களையில் மசேர் அரிசி களைந்துகொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை, ஏனென்றால் பத்துக் கட்டளையில் எதிலும் இது வராது. தமிழில் சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்து பாஷையில் சொல்ல முடிந்தது.

அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "நேற்று அந்த அம்மாள் உங்களை வணங்கினார். சொல்ல வேண்டியது என்னிடம் இல்லையே. நீங்கள் சொல்லுங்கள், நான் தூக்கிக்கொண்டு போகிறேன்" என்றார்.

தலைவியிடம் கேட்டு, ஆறாம் நாள் மறுபடி அதே குடியிருப்புக்குப் போனோம். இந்த முறை அந்த அம்மாள் எங்களைத் தன் வீட்டுக்கே கூப்பிட்டார். மொத்த வீடே நம் ஊர் பெரிய கூடம் ஒன்றின் அளவுதான். சாமி அலமாரியில் புருஷன் படம், ஒரு கிண்ணம் சோறு, தேநீர். கீழே அந்த இழுப்பறை. நான் படத்துக்கு முன்னால் கைகூப்பினேன். கூப்பலாமா கூடாதா என்ற யோசனை எனக்கு வரவில்லை.

சொன்னேன். ஒவ்வொரு வாக்கியமாக, மசேர் மாற்றிச் சொல்லும்வரை காத்திருந்து. அந்தக் காத்திருப்புதான் கஷ்டம். சொன்னது அவர் முகத்தில் போய்ச் சேருவதைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும். முடிந்ததும் வெகுநேரம் பேசவில்லை. சுவர் தகரம் போல மெல்லியது, பக்கத்து வீட்டில் யாரோ இருமுவது கேட்டது.

"அந்த அம்மாவுக்குப் பிறகு காகிதம் கிடைத்ததா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். எட்டு வருடமாக எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

அவர் எழுந்து போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச்சு இல்லை. என் பேத்திக்கு என்ன பெயர் என்று விசாரித்தார். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல அவர் யார், கேட்க நான் யார்? புறப்படும்போது இழுப்பறையைத் திறந்தார். எனக்கு ஒரு கணம் திக்கென்றது. படிவத்தை அல்ல, அவர் பின்னிய சின்ன நூல் பின்னல்களை எடுத்தார். பாத்திரம் தேய்க்க. அந்தக் குடியிருப்புப் பெண்கள் எல்லாரும் பின்னிக்கொண்டிருந்தார்கள். மீன் வடிவத்தில் இரண்டு கொடுத்தார். ஒன்று உங்கள் மனைவிக்கு, ஒன்று அந்த அம்மாவுக்கு.

அன்று மாலை அட்டை எழுத உட்கார்ந்தேன். மசேர் சொல்லச் சொல்ல இழுப்பறையில் இருக்கும் படிவத்தைப் பற்றி எழுதினோம். அவசரப்படுத்த வேண்டாம் என்று நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். முணுமுணுப்பை மட்டும்தான் எழுத வேண்டும், உன் யோசனையை அல்ல என்று மசேர் மறுத்துவிட்டார். குமாஸ்தா புத்தி, குறிப்பு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடைசி நாள் நான் குழுவுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நம் ஊர் மீன் குழம்பு வைத்தேன். புளி டோக்கியோவிலிருந்து கொண்டுபோனது. கிழவிகள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணில் நீர் வர, நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தண்ணீரைத் தேடினார்கள். சுவிசேஷப் புத்தகப் பெட்டி பிரிக்காமலே டோக்கியோ திரும்பியது. வழியில் அந்தப் பையன், "அங்கிள், நாம் என்னதான் செய்தோம்?" என்று கேட்டான். களை பிடுங்கினோம் என்றேன்.

செப்டம்பரில் ஊர் திரும்பினோம். அக்டோபரில் ஒருநாள் காலை வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் காரைக்கால் பஸ் ஏறினேன். கடலூர், சிதம்பரம், சீர்காழி, நான்கு மணி நேரம். பெயர் தெரியாமல் தேடுவது எப்படி? எட்டு வயதுப் பெண்ணை இழந்தவர், உடல் கிடைக்கவில்லை என்று குப்பத்தில் கேட்டேன். ஒரு பெரியவர், "அப்படி மூணு பேரு இருக்காங்க அய்யா" என்றார். முதல் வீட்டில் ஆள் இல்லை, திருப்பூருக்குப் போய்விட்டார்கள். இரண்டாவது பெண்ணுக்கு வயது பொருந்தவில்லை. மூன்றாமவள் மீன் மார்க்கெட்டில் இருப்பாள் என்றார்கள்.

பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு என்னைத் தெரியவில்லை. நான் யார் என்று சொன்னேன், நடந்ததைச் சொன்னேன். சங்கரா மீனை வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"எத்தன ஆபீசரப் பாத்தேன் அப்போ. ஒங்க மொகம் ஞாபகம் இல்லீங்க."

பணமும் சான்றும் பிறகு கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது, ரொம்ப அலைந்த பிறகு என்றாள். நான் டைரியை எடுத்து, பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டேன். கத்தி நின்றது. "எதுக்குய்யா இப்போ?" என்றாள். சும்மாதான் என்றேன். கொஞ்ச நேரம் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பெயரைச் சொன்னாள். எழுதினேன். சரியா என்று வாசித்துக் காட்டினேன். கடைசி எழுத்து தப்பு என்றாள், திருத்தினேன். பெயரை இங்கே போடவில்லை. அதற்கு அவளிடம் அனுமதி கேட்கவில்லை.

ஜப்பான்காரர் கொடுத்தது என்று அந்த நூல் மீனைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாத்திரம் தேய்க்க என்று சொன்னதும், "இவ்ளோ அழகா பின்னிட்டு இத வெச்சு யாரு சட்டி தேய்ப்பா?" என்று தராசுக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினாள். பிறகு, மீன் வேணுமா, நின்னுட்டே இருக்கீங்களே என்றாள். ஒரு கிலோ சங்கரா வாங்கினேன். ஐஸ் போட்டுக் கட்டிக் கொடுத்தாள், ஆனாலும் சிதம்பரம் தாண்டும்போதே பஸ்ஸில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.